ஆரஞ்சு இல்லாத நீலக் கார்

வேர்ன் ஹைம்பாக்கோடு மளிகைக் கடைக்குப் போவது அவர் மனைவி லொரெட்டாவுக்குப் பிடிக்காது. அவர் கடைக்குள் வரவே மாட்டார். அவள் பாலும் உருளைக்கிழங்கும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், வரிசையாக நிற்கும் கார்களுக்கு நடுவே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உலாத்திக்கொண்டிருப்பார். "அந்த வேனுக்குப் பின் டயர் வழுக்கை" என்பார். "இந்தச் சிவப்புக் காருக்கு நம்பர் பிளேட் விளக்கு எரியாது, வேணும்னா பந்தயம் கட்டு" என்பார். தெரிந்தவர்கள் எதிரே வந்தாலும், அவர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவர்கள் வந்த வண்டியைத்தான் பார்ப்பார்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை எல்லா வண்டியும் சோதனைக்கு வந்தாக வேண்டும். தேறினால் முன்கண்ணாடியின் மூலையில் புது ஸ்டிக்கர். தேறாவிட்டால் சரிசெய்துகொண்டு திரும்பி வர வேண்டும். ஆல்டர்ஸ்பர்க் ஊரில் முப்பத்தோரு வருஷமாக அந்த ஸ்டிக்கரை ஒட்டுகிறவர் வேர்ன். ஒட்ட மறுக்கிறவர் என்று சொன்னால்தான் ஊருக்குச் சட்டென்று புரியும். அதிலும் பக்க விளக்கு விஷயத்தில் அவரிடம் யாரும் தப்பியதில்லை. முன்சக்கரத்துக்குச் சற்று முன்னால், பம்பரின் விலாவில், விரல் நீளத்துக்கு இருக்குமே ஓர் ஆரஞ்சுத் துண்டு, அதுதான். இருட்டில் குறுக்கே வருகிறவனுக்கு இங்கே ஒரு கார் நிற்கிறது என்று காட்டுவதற்காக வைத்தது. ஊர்ப் பையன்களுக்கு அது கண்ணில் விழுந்த தூசி மாதிரி. பிடுங்கிப் போட்டுவிட்டு, அந்த இடத்தை வழவழவென்று மூடிவிடுவார்கள். வேர்ன் அவர்களை அப்படியே திருப்பி அனுப்புவார். ‘ஆரஞ்சு வேர்ன்’ என்று அவருக்குப் பேர் வந்தது அதனால்தான். அந்தப் பேர் அவருக்குத் தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை யாரிட்ஸா ரோமான் என்ற பெண் தன் வெள்ளைக் காரைக் கொண்டுவந்தாள். ஊர்க்கோடியில் இருக்கும் பிரெட்ஸல் என்ற முறுக்கு ரொட்டி சுடும் பேக்கரியில் அவளுக்கு வேலை. இருபத்தேழு, இருபத்தெட்டு வயசிருக்கும். கார் பழசுதான், ஆனால் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. பிரேக், ஸ்டியரிங், டயர் எல்லாம் தேறியது. வேர்ன் முன்பக்கம் வந்தார். பம்பரின் விலாவில் ஆரஞ்சைக் காணோம். அந்த இடத்தில் தெளிவான கண்ணாடி மூடி ஒன்று வெள்ளையோடு வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஃபெயில்" என்றார்.

"எதுக்கு?"

"பக்க விளக்கு ஆரஞ்சா இருக்கணும். உன்னோடது வெள்ளையா இருக்கு."

"மிஸ்டர் ஹைம்பாக், லைட்டைப் போட்டுப் பாருங்களேன்."

"பகல்ல எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்மா."

"ஒரு தடவை போட்டுப் பாத்தா என்ன குறைஞ்சா போயிடுவீங்க?"

"பாத்தாச்சு. ஆரஞ்சு இல்ல. மாத்திட்டு வா."

அவள் சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஏறினாள். கார் பட்டறை வாசலில் ஒரு நிமிஷம் பக்கவாட்டில் நின்றது, சாலையில் லாரி போவதற்காக. அந்த ஒரு நிமிஷத்தில்தான் அது நடந்தது. முன்விளக்கிலிருந்து கதவைத் தாண்டிப் பின்விளக்கு வரைக்கும் ஒரே கோடு. நடுவில் ஆரஞ்சுத் துண்டு எதுவும் குறுக்கிடவில்லை. இஸ்திரி போட்ட சட்டைக் கை மாதிரி நீளமாக, சுத்தமாக ஓடியது. வேர்ன் கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டார். கார் போன பிறகும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தனக்கு என்ன ஆயிற்று என்று அவருக்கே விளங்கவில்லை. காலையில் மாத்திரை போட்டோமா என்று யோசித்தார். போட்டிருந்தார்.

வேர்னிடமும் ஒரு நல்ல கார் இருந்தது. இரண்டு கதவு, கருநீலம், பதினைந்து வருஷத்து ஜெர்மன் கார். ஒரு பல் டாக்டரிடமிருந்து இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாங்கினார். அறுபது வயசு ஆவதற்குள் ஒரு அசட்டுக் காரியமாவது செய்துவிட வேண்டும் என்று அப்போது லொரெட்டாவிடம் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைதான் வெளியே எடுப்பார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நேராக அதன் முன்னால் போய் நின்றார். இரண்டு வருஷமாகப் பார்க்கிற கார்தான். இன்றைக்கு அந்த ஆரஞ்சுத் துண்டைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. இஸ்திரி போட்ட சட்டைக் கையில் கடுகு சாஸ் சொட்டின மாதிரி இருந்தது.

"என்ன பாக்குற?" என்று லொரெட்டா ஜன்னலிலிருந்து கேட்டாள்.

"இந்த ஆரஞ்சு உனக்கு எப்படித் தோணுது?"

"எந்த ஆரஞ்சு?"

"இதோ, இது."

அவள் எட்டிப் பார்த்தாள். "அங்க ஒண்ணு இருக்குதுன்னே இப்பத்தான் தெரியும். சாப்பிட வா."

அந்தப் பதிலும் அவரைக் குழப்பியது. லொரெட்டாவின் கண்ணிலேயே படாத ஒன்றை யாருக்காக எடுக்க வேண்டும்? படவில்லையென்றால், இருந்தால்தான் என்ன? ஒரு மாசத்துக்கு மேல் இப்படியே மனதுக்குள் வாதாடிக்கொண்டிருந்தார். பட்டறையில் வண்டிகளுக்குக் கீழே படுத்திருக்கும்போதும் அதே நினைப்பு. ஜூனில் ஒருநாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, யாரோ திருடுவதற்கு உடந்தையாக இருக்கிற மாதிரி தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டே, ஒரு ஜோடி மூடி ஆர்டர் செய்தார். யாரிட்ஸாவுடையது போலத் தெளிவான கண்ணாடிகூட இல்லை. காரின் அதே கருநீலப் பெயிண்ட் அடித்த வெறும் மூடி. உள்ளே பல்பு கிடையாது, ஒன்றும் கிடையாது. அவர் முப்பத்தோரு வருஷமாகத் திருப்பி அனுப்பியது இதைத்தான்.

லொரெட்டா அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்த சனிக்கிழமை மத்தியானம் வேலையை முடித்தார். பிளாஸ்டிக் நெம்புகோலை ஓரத்தில் நுழைத்து, ஆரஞ்சைச் சாய்த்து எடுத்து, வயரைக் கழற்றி, அதன் முனையில் டேப் சுற்றி உள்ளே ஒதுக்கி, நீல மூடியை அழுத்தினார். டக் என்று உட்கார்ந்தது. இடதுபக்கத்துக் கொக்கி ஒன்று உடைந்தது, அதற்குத் தனியாகக் கொஞ்சம் திட்டினார். இருபது நிமிஷ வேலை. பிறகு தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தார். நெஞ்சு நிறைந்து போயிற்று. உடனே, திங்கட்கிழமை பட்டறையில் எந்த முகத்தோடு நிற்பது என்ற பயமும் வந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் எப்படி வருகிறது என்று தெரியாமல், பக்கத்து வீட்டுக்காரர் கையசைத்ததற்குப் பதில் கையசைக்கவும் மறந்து நின்றார்.

அந்தக் கோடை முழுவதும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவருக்குச் சந்தோஷம். திங்கள் முதல் சனி வரை, பையன்கள் கொண்டுவரும் கார்களைப் பழையபடி திருப்பி அனுப்பினார். ஆனால் குரல் முன்னைப் போல இல்லை. "ஃபெயில்" என்று சொல்லிவிட்டு, "பாக்க நல்லாத்தான் இருக்கு" என்று ஒரு தடவை வாய்தவறிச் சேர்த்துவிட்டார். அந்தப் பையன் பயந்துபோய்விட்டான்.

அக்டோபரில் நீலக் காரின் ஸ்டிக்கர் முடிந்தது. போன வருஷம் தானே சோதித்துத் தானே ஒட்டிக்கொண்டார். இந்த வருஷமும் படிவத்தை எடுத்தார். தன் பெயரை எழுதினார், நம்பரை எழுதினார். பிரேக் சரி, டயர் சரி. விளக்குகள் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. சரி என்று எழுதக் கை வரவில்லை. ஃபெயில் என்று எழுதவும் வரவில்லை. கடைசியில் படிவத்தை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, காரை எடுத்துக்கொண்டு மூன்று மைல் தள்ளி இருக்கிற டார்லா கிரெப்ஸின் பட்டறைக்குப் போனார். டார்லாவும் அவரும் ஒரே தொழில், ஒரே ஊர். இருபது வருஷமாக ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொண்டே ஒரு காபி குடிக்கிற அளவுக்குப் பழக்கம்.

"யாரு, ஆரஞ்சு வேர்னா! உன் பட்டறையில வண்டி தூக்குற லிஃப்ட் விழுந்துடுச்சா?"

"சொந்தக் காரை நானே பாக்குறது நல்லா இருக்காது. நீ பாரு."

டார்லா பிரேக்கைப் பார்த்தாள், டயரைப் பார்த்தாள். அவர் காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் காத்திருந்தார். அவள் முன்பக்கம் குனியவே இல்லை. பழைய ஸ்டிக்கரைப் பிளேடால் சுரண்டிவிட்டுப் புதுசை ஒட்டிவிட்டாள்.

"அவ்வளவுதானா?" என்றார் வேர்ன்.

"அவ்வளவுதான். கிளம்பு."

"முன்னாடி வந்து பாக்கல நீ."

"உன் கார்ல நான் என்னத்தப் பாக்க? நீ ஊர்ல உள்ளவன் கண்ணுல எல்லாம் விரலை விட்டு ஆட்டுறவன். உன் வண்டி சரியாத்தானே இருக்கும்."

வேர்னுக்கு நிம்மதிதான் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். காது சிவந்துவிட்டது. "இங்க வா டார்லா. இதப் பாரு. விளக்கு எங்க? சொல்லு, எங்க இருக்கு? இது ஃபெயில்!"

டார்லா குனிந்து பார்த்தாள். நீல மூடியை விரலால் தட்டினாள். பிறகு நிமிர்ந்து அவரையே பார்த்தாள். சிரிப்பு வந்தபோது பக்கத்திலிருந்த டயர் அடுக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"நீயா? நீயா இதைச் செஞ்ச?"

"நான்தான்."

"அப்புறம் எதுக்கு என்கிட்ட சண்டைக்கு வர்ற?"

"நீ பாத்திருக்கணும்."

"பாத்திருந்தா?"

"ஃபெயில் பண்ணியிருக்கணும்."

"அப்படி ஆசையா இருந்தா உன் பட்டறையிலேயே பண்ணியிருக்கலாமே, மடையா!" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவள் முகம் மாறியது. "சரி, நான் பாக்காம ஒட்டினது தப்புதான். ஒத்துக்குறேன். ஆனா நீயும் ஒண்ணைப் பாக்காம விட்டிருக்க. அந்த பேக்கரிப் பொண்ணு, வெள்ளைக் கார். நீ ஃபெயில் பண்ணினயே, ஞாபகம் இருக்கா?"

"ஆரஞ்சு இல்ல அதுல."

"மறுநாள் என்கிட்ட வந்தா. நான் லைட்டைப் போட்டேன். ஆரஞ்சாத்தான் எரிஞ்சுது. கண்ணாடிதான் வெள்ளை, பல்பு ஆரஞ்சு. உள்ள ஓரத்துல ஆரஞ்சு ரிஃப்ளெக்டரும் மெல்லிசா இருந்துச்சு. குனிஞ்சு பாத்தாத்தான் தெரியும். சட்டப்படி ஒரு குறையும் இல்ல. நீ லைட்டைப் போடவே இல்லையாமே?"

வேர்ன் காபியை எங்கே வைப்பதென்று தெரியாமல் காரின் கூரைமேல் வைத்தார். பிறகு பதறி எடுத்தார். அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அந்தப் பெண் கேட்டாள். இரண்டு தடவை கேட்டாள்.

டார்லா தான் ஒட்டிய ஸ்டிக்கரை அவர் கண்முன்னாலேயே சுரண்டி எடுத்துவிட்டு, "இப்ப திருப்தியா?" என்று கேட்டாள்.

மறுநாள் பேக்கரி வாசலில் ஷிஃப்ட் முடிகிற நேரத்துக்குப் போய் நின்றார். யாரிட்ஸா தலைமுடிக்குப் போட்டிருந்த வலையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தாள். அவரைப் பார்த்ததும் நின்றாள்.

"என் கார் இன்னிக்கு என்ன தப்பு செஞ்சுது?"

"ஒண்ணும் இல்ல. அன்னிக்கும் ஒண்ணும் இல்ல. நான்தான் தப்பு. நீ சொன்ன, நான் லைட்டைப் போட்டுப் பாக்கல."

அவள் உடனே மன்னித்துவிடவில்லை. "அதுக்காக நான் ரெண்டு நாள் லீவு போட்டேன், தெரியுமா? சூப்பர்வைசர்கிட்ட கெஞ்சினேன். நீங்க திரும்பிக்கூடப் பாக்கல."

"திரும்பிப் பாத்தேன்" என்றார் வேர்ன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. ஆனாலும் சொன்னார். "நீ வாசல்ல நின்னப்ப பாத்தேன். அவ்வளவு அழகா இருந்துச்சு. அதனாலதான் எனக்கு இத்தனை கஷ்டம்."

அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவர் தெருவோரம் நின்றிருந்த நீலக் காரைக் காட்டினார். யாரிட்ஸா நடந்துபோய்ச் சுற்றிவந்து, முன்பம்பர் பக்கம் உட்கார்ந்து பார்த்தாள். "ஐயோ, வெறும் மூடியா? மிஸ்டர் ஹைம்பாக், இது அப்பட்டமான ஃபெயில்!" என்றாள். இந்தத் தடவை சிரித்தாள். அவள் சிரித்ததில் அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அந்தத் தெளிவான மூடியைத் தான் வாங்கிய கடையின் பேரை அவருடைய உள்ளங்கையில் பேனாவால் எழுதிவிட்டு, "இடது வலது பாத்து வாங்குங்க, மாறிப்போனா பொருந்தாது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தெளிவான கண்ணாடியும் ஆரஞ்சு பல்பும் ஒன்பது நாளில் வந்தன. மாட்டினார். நீல மூடி அளவுக்குச் சுத்தமாக இல்லை. அருகில் போனால் கண்ணாடி தெரிகிறது, வெயில் பட்டால் மின்னுகிறது. ஆனால் விளக்கைப் போட்டால் ஆரஞ்சாக எரிகிறது. படிவத்தை எடுத்து, எல்லாக் கட்டத்திலும் சரி என்று எழுதி, தானே ஸ்டிக்கரை ஒட்டினார். அதற்குப் பிறகு பட்டறைக்கு வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் குனிந்து, விளக்கைப் போடச் சொல்லி, அணைக்கச் சொல்லி, மறுபடி போடச் சொல்லிப் பார்க்கிறார். முன்பு அரைமணி நேரத்தில் முடிந்த வேலை இப்போது முக்கால் மணி நேரம் ஆகிறது. வாடிக்கையாளர்கள் முணுமுணுக்கிறார்கள்.

அதோடு மனசு அடங்கவில்லை. முப்பத்தோரு வருஷத்தில் இன்னும் எத்தனை பேரை விளக்கைப் போட்டுப் பார்க்காமலே திருப்பி அனுப்பினோம் என்பது அவரை அரித்தது. பழைய படிவங்களைத் தேடி, ஞாபகத்தையும் துழாவி, சந்தேகமான பதினொரு பேரைக் குறித்துக்கொண்டார். நான்கு பேருடைய போன் நம்பர்தான் கிடைத்தது. ஒரு நம்பர் வேறு யாருக்கோ போய்விட்டது. ஒருவர் இறந்துபோயிருந்தார், அவர் மகள்தான் எடுத்தாள். அவளிடம் என்ன சொல்வதென்று தெரியாமல், நல்ல கார் வைத்திருந்தார் உங்கப்பா என்று சொல்லி வைத்துவிட்டார். மூன்றாமவருக்கு எந்தக் கார் என்றே ஞாபகம் இல்லை.

நான்காவது ஆள் டுவெய்ன் ஃப்ராண்ட்ஸ், இப்போது பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். வேர்ன் முழுக் கதையையும் சொல்லி முடிக்கிற வரை அவன் பொறுமையாகக் கேட்டான்.

"வேர்ன், என் கார்ல விளக்கே இல்ல. நான்தான் பிடுங்கிக் குப்பையில போட்டேன். நீ செஞ்சது நூத்துக்கு நூறு சரி."

"நிச்சயமாத் தெரியுமா?"

"கையால பிடுங்கினவன் நான். எனக்குத் தெரியாதா?"

வேர்ன் நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தார். லொரெட்டா பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். "என்ன சொன்னான்?" என்று கேட்டாள்.

"நான் செஞ்சது சரின்னு சொல்றான்."

"அப்ப மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"இவன் ஒருத்தன்தான் சொல்றான்" என்றார். காகிதத்தில் நம்பர் கிடைக்காத மீதி ஏழு பேரின் பெயரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.