ஓம் சொல்லப் பழக்கியது நான்தான்

என் மகள் சுகந்திக்குக் காது மந்தம். துணுக்காயில் பள்ளிக்கூடம் போன காலத்தில், ஆசிரியர்கள் ஏசக்கூடாதே என்று, "ஆர் என்ன கேட்டாலும் ஓம் எண்டு சொல்லு" என்று பழக்கியவள் நான்தான்.

படிப்பு முடிந்ததும் மா அரைக்கும் மில்லில் வேலைக்குச் சேர்த்தோம். முதல் நாள் நானும் கூடப் போனேன். மில் நடத்தும் செல்வியக்கா, "மெசின் நிண்டாப் பிறகுதான் கை வைக்கவேணும், விளங்குதோ?" என்றார். மகள் "ஓம்" என்றாள். கொஞ்ச நேரத்தில், ஓடிக்கொண்டிருந்த மெசினுக்குள் கையை விடப் போனாள். செல்வியக்கா பாய்ந்து இழுத்திராவிட்டால் விரல்கள் போயிருக்கும்.

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். செல்வியக்காவோ என்னைப் பார்த்து, "பிள்ளையில பிழையில்லை. விளங்காமல் ஓம் சொல்ல ஆர் பழக்கினது?" என்றார்.

அன்றிலிருந்து அவர் என் மகளின் முகத்துக்கு நேரே நின்று செய்துகாட்டி, அவளையும் திருப்பிச் செய்யச் சொல்கிறார். அவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் காணாது. நானும் இப்போது வீட்டில் எதைச் சொன்னாலும், "நான் என்ன சொன்னனான்?" என்று அவளிடம் திருப்பிக் கேட்கிறேன்.

போன கிழமை நல்ல மழை. "இண்டைக்குப் போகாமல் நில்லன்" என்றேன்.

"இல்லை, போகவேணும்" என்றாள்.

அவள் எனக்கு இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. குடையை எடுத்துக் கொடுத்தேன்.