பெஸ்ஸியின் மூக்குக்கு அடியில்

குனிந்து, விமானத்தின் மூக்குக்கு அடியில் கிடக்கும் தகரத் தட்டில் எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்று விரலால் தொட்டு மோந்து பார்க்கிறார் நார்மன் ஸ்டப்ஸ். பிறகுதான் எங்களுக்குக் காலை வணக்கம். "ஒழுகியிருக்கா! நல்லாத்தான் இருக்கா மகராசி." பழைய என்ஜின் சொட்டாவிட்டால் உள்ளே எண்ணெயே இல்லை என்பது அவர் வாதம். தட்டு காய்ந்து கிடந்தால் மதியம்வரை யாரோடும் பேசமாட்டார்.

மகராசி என்பது பெஸ்ஸி. இங்கிலாந்தில், எங்கள் லிங்கன்ஷயர் அருங்காட்சியகத்தின் ஒரே பழைய போர்விமானம். நான் வாசலில் டிக்கெட் கிழிக்கிறேன். நார்மன் அவள் வயிற்றைத் துடைக்கிறார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். கொட்டகைக்குள் நடக்கும்போதுகூடக் கையை நீட்டிச் சைகை காட்டிவிட்டுத்தான் திரும்புவார். பின்னால் வருகிறவன் மூக்கில் பட்டால் அது அவன் தப்பு.

அந்தத் தட்டு, அவர் மனைவி டோரீன் ஞாயிற்றுக்கிழமைகளில் மாட்டிறைச்சி வாட்டிக்கொண்டிருந்த தட்டு. நாங்கள் பிளாஸ்டிக் தட்டு வாங்கித் தந்தோம். "இதுல சொட்டு விழுந்தா சத்தமே வரலையே" என்று திருப்பித் தந்துவிட்டார்.

இத்தனை செல்லம் கொஞ்சுகிற மனிதர்தான் பெஸ்ஸி பறக்கவே கூடாது என்கிற கட்சிக்குத் தலைவர். எதிர்க்கட்சித் தலைவி, டீ விற்கும் டோரீன்.

"யோவ், அவ பறக்கப் பொறந்தவ. நிக்க வச்சா அது விமானமா, பூந்தொட்டியா?"

"போன கோடையில நடு வானத்துல இருமுனாளே, மறந்துட்டியா? விழுந்திருந்தா பைலட்டும் போயிருப்பான், அவளும் போயிருப்பா. இன்னொருத்திய எங்க போய்த் தேடுவே?"

"நீ பஸ்ஸை எத்தனை சுவத்துல இடிச்சே? ஊர்ல பஸ்ஸை நிறுத்திட்டாங்களா?"

கேக் வாங்க வந்தவர்கள் வரிசையை மறந்து வாய்பிளந்து நிற்பார்கள். நானும்தான்.

ஆனால் பெஸ்ஸி ஓடுபாதையில் கிளம்பிவிட்டால் நார்மனைப் பார்க்கவேண்டும். வாயில் கடித்த பன்னோடு, தொப்பியை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு, வேலியோரமாகக் கூடவே ஓடுவார். ஏன் என்று கேட்டால், "விழுந்தா பக்கத்துல ஆள் வேணாமா?" என்பார். முகமெல்லாம் பல்லாக இருக்கும். எனக்கு அவரை அப்போது கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றும்.

சென்ற சனிக்கிழமை பெஸ்ஸியின் இறக்கைக்கு அடியில் நாற்காலி போட்டு ஓட்டெடுப்பு. நார்மனையும் சேர்த்தால் தரைக்கட்சிக்கு ஒரே ஓட்டு அதிகம். சமமாக வந்தால் வழக்கம்போலப் பறப்பாள். கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். நார்மன் கல்யாணத்துக்கு வந்தவர்போல வெள்ளைச் சட்டையும் டையுமாக வந்திருந்தார்.

அருங்காட்சியகத் தலைவி ஹில்டா விளக்கினார்: "நிறுத்திட்டோம்னா பெட்ரோல், எண்ணெய் எல்லாத்தையும் வடிச்சுட்டு என்ஜினை மூடிருவோம். பத்திரமா இருக்கும்."

டோரீன் சட்டென்று எழுந்தார். "அப்போ என் தட்டைக் குடுத்துரு நார்மன். இனிமே சொட்டப்போறதில்லையே!"

கொட்டகையே சிரித்தது. நார்மனும் சிரித்துக்கொண்டே போய்த் தட்டை எடுத்தார். பாதி வழியில் நின்றார்.

"ஒரு சொட்டுகூடவா இருக்காது?"

"ஒரு சொட்டுகூட இருக்காது" என்றார் ஹில்டா, ஏதோ நல்ல சேதி சொல்வதுபோல. "சரி, நிறுத்தணும்ங்கிறவங்க கை தூக்குங்க."

கைகள் எழுந்தன. எல்லோரும் நார்மனைப் பார்த்தோம். தட்டை மார்போடு அணைத்து நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டையில் கறுப்பாக எண்ணெய் இறங்கிக்கொண்டிருந்தது.

"நார்மன், கையைத் தூக்குப்பா!" அவருடைய கட்சிக்காரர்கள் கத்தினார்கள்.

அவர் பெஸ்ஸியின் மூக்கையே பார்த்தார். அதன் நுனியில் ஒரு சொட்டு திரண்டு தொங்கிக்கொண்டிருந்தது. விறுவிறுவென்று போனார், திரும்பும் இடத்தில் சைகை காட்டக்கூட மறந்துவிட்டார். மண்டியிட்டு, தட்டை அதற்கு நேர் கீழே நீட்டி, ஹில்டா எண்ணி முடிக்கும்வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.