என் மனைவியின் கடைசிப் பதிவு

என் மனைவி எழுதுவதை நான் வாசித்ததில்லை. விருப்பம் இல்லாமல் அல்ல. அவள் தகாலொக் மொழியில் எழுதுவாள். எனக்கு அதில் சாப்பாட்டுப் பெயர்களும் இரண்டு மூன்று கெட்ட வார்த்தைகளும்தான் தெரியும். நான் மன்னார்க்காரன், அவள் பிலிப்பைன்ஸ்காரி. சிட்னியில் ஒரு கத்தோலிக்கக் கோவிலின் பாட்டுக் குழுவில் சந்தித்துக் கல்யாணம் கட்டினோம். மெரிலேண்ட்ஸில் இரண்டு அறை வீடு. குடித்தனம் நடந்தது ஆங்கிலத்தில்.

அவளுக்கு ஒரு வலைப்பூ இருந்தது. அவளைப் போலவே சிட்னியிலும் மெல்பேர்னிலும் எழுதுகிற பிலிப்பினோக்கள் ஒரு கூட்டமாக இருந்தார்கள். ஒருவர் எழுதினால் மற்றவர்கள் வாசித்துப் பின்னூட்டம் போடுவார்கள். சிட்னியில் இருந்தவர்கள் இடைக்கிடை பிளாக்டவுனில் மூத்த பெண்மணி ஒருவருடைய வீட்டில் கூடிச் சாப்பிடுவார்கள். எல்லாரும் அவரை ‘ஆத்தே’ என்பார்கள். அவர்கள் மொழியில் அக்கா. நான் ‘குயா’, அண்ணன். முதல் தடவை போனபோது இன்னும் சோறு வேண்டுமா என்று ஆத்தே கேட்டார். எங்கட ஆக்கள் ஆட்டுகிற மாதிரி நான் தலையை ஆட்டினேன். வேண்டாம் என்று விளங்கிக்கொண்டு சோற்றுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இன்னொருநாள் நான் ஏதோ கேட்க, ஒரு பெண் பதில் சொல்லாமல் புருவத்தை மட்டும் உயர்த்தினாள். நக்கல் பண்ணுகிறாள் என்று எனக்குக் கோபம். திரும்பி வரும்போது காருக்குள் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். புருவத்தை உயர்த்தினால் ‘ஓம்’ என்று அர்த்தமாம்.

அவளுடைய அப்பா வருத்தம் கடுமையாகிப் படுக்கையில் விழ, அவள் ஊருக்குப் போனாள். கிளினிக்குகளில் இருந்து இரத்த மாதிரிகளை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோகிற வான் ஓடுகிறேன் நான். கூடப் போக லீவு கேட்டேன், ஆள் இல்லை என்றுவிட்டார்கள். மணிலாவில் இறங்கி மாகாணத்துக்குப் பஸ் ஏறியதும் அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது: “பஸ்ஸில் இருக்கிறேன். நல்ல மழை. போய்ச் சேர்ந்து போன் எடுக்கிறேன்.”

அவள் எடுக்கவில்லை. அவளுடைய கரையோரத்தைப் புயல் அடித்துவிட்டதாக அடுத்தநாள் செய்தியில் காட்டினார்கள். தகரங்கள் பறந்தன, தென்னைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. போன் கோபுரங்கள் விழுந்துவிட்டன என்றார்கள். நான் அவளுடைய நம்பரை எடுத்துக்கொண்டே இருந்தேன். மணி அடித்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும், அடிக்கவே இல்லை.

அந்த வலைப்பதிவர்கள் சாப்பாட்டுக்குக் கூடுவதற்காக வைத்திருந்த வாட்ஸ்அப் குழு என் போனிலும் இருந்தது. அதில் எழுதினேன்: “இவளைப் பற்றி யாருக்காவது ஏதாவது தெரியுமா? தயவுசெய்து சொல்லுங்கள்.” எல்லாரும் வாசித்தது தெரிந்தது. ஒருவரும் பதில் எழுதவில்லை. பின்னேரம் பார்த்தால் என்னைக் குழுவில் இருந்து எடுத்துவிட்டிருந்தார்கள்.

வேலை முடிந்த கையோடு பிளாக்டவுனுக்குப் போனேன். ஆத்தே உள்கதவைத் திறந்தார். வலைக்கதவைத் திறக்கவில்லை.

“அவள் எங்கே என்று உனக்கு நாங்கள் சொல்லமாட்டோம்,” என்றார்.

“அப்படியென்றால் அவள் எங்கே என்று உங்களுக்குத் தெரியுமா? உயிரோடு இருக்கிறாளா?”

“நீ அவளைத் தேடாதே. பொலிசுக்குச் சொல்லியிருக்கிறோம்.”

“எதைச் சொன்னீர்கள்? ஆத்தே, நான் என்ன செய்தேன்?”

“போய் அவள் எழுதினதை வாசி,” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

காருக்குள் இருந்து அவளுடைய வலைப்பூவைத் திறந்தேன். பஸ்ஸில் இருந்த அன்று போட்ட பதிவு மேலே நின்றது. போனே அதை ஆங்கிலமாக்கித் தந்தது. அவள் எழுதியிருந்தது இது: அவன் என் போனை வாங்கி அலுமாரிக்குள் பூட்டுகிறான். நான் எதை உடுக்க வேண்டும் என்று அவன்தான் சொல்லுகிறான். யாரோடு பேசினாய், எவ்வளவு நேரம் பேசினாய் என்று கேட்கிறான். அவன் செபிக்கும்போது நானும் முழங்காலில் நிற்க வேண்டும். இங்கே ரயில்கூட முடிந்துவிடுகிறது. இன்றைக்கு நான் போகிறேன், அவனுக்குத் தெரியாது.

கீழே பின்னூட்டங்கள். ஓடு. திரும்பி வராதே. நாங்கள் இருக்கிறோம்.

நான் அவளுடைய போனைத் தொட்டதே இல்லை. ஆனால் அந்தக் காருக்குள் இருந்து என்னையே விசாரிக்கத் தொடங்கினேன். ஒரு கல்யாண வீட்டுக்கு வெளிக்கிட்டபோது “இந்தச் சட்டையா போடப் போறாய்?” என்று கேட்டேனே, அதுவா? அவள் தங்கையோடு நெடுநேரம் கதைத்தபோது யார் என்று கேட்டேனே, அதுவா? நான் சும்மா கேட்டதெல்லாம் அவளுக்கு இப்படியா விழுந்திருக்கிறது?

பொலிஸ் வந்தது. ஒரு பெண்ணும் ஒரு ஆணும், மரியாதையாகத்தான் கேட்டார்கள். அவளுடைய உடுப்பு அலுமாரியைத் திறந்து பார்த்தார்கள். அவள் நாட்டைவிட்டுப் போனதைத் தாங்கள் உறுதிப்படுத்திவிட்டதாகச் சொல்லிவிட்டு, “அவர் தொடர்பு கொள்ள விரும்பாவிட்டால் அதை நீங்கள் மதிக்க வேண்டும்,” என்றாள் அந்தப் பெண். மெல்பேர்னில் இருந்து என் அக்கா போன் எடுத்தா. அவவோடு வேலை செய்கிற ஒரு பிலிப்பினோப் பெண் அந்தப் பதிவைக் காட்டியிருக்கிறாள்.

“உண்மையைச் சொல்லு. நீ அந்தப் பிள்ளையில கை வச்சனியா?”

“இல்லை அக்கா.”

“அப்ப ஏன் அவ அப்பிடி எழுதினவ?”

“எனக்குத் தெரியாது.”

“தெரியாதெண்டு சொல்லாதை,” என்று அக்கா அழுதா.

அந்த நாட்களில் எனக்கு ஒரு விசித்திரமான ஆறுதல் வந்தது. அவள் என்னை வெறுத்துப் போயிருந்தால், புயலுக்குள் போயிருக்கமாட்டாள். மணிலாவில் ஒரு சிநேகிதி வீட்டில், மின்விசிறிக்குக் கீழே, எனக்கு ஒளித்துக்கொண்டு இருப்பாள். பஸ் என்று சொன்னதும் பொய்யாக இருக்கும். கடவுளே, அவள் என்னை விட்டுவிட்டே போயிருக்கட்டும் என்று வான் ஓடிக்கொண்டே செபித்தேன். தான் மிருகமாக இருந்திருக்க வேண்டும் என்று செபிக்கிற புருஷனை நான் கேள்விப்பட்டதில்லை.

ஒரு கிளினிக்கின் வாசலில், மாதிரிப் பெட்டிக்காகக் காத்துக்கொண்டிருந்தபோது பதிவைத் திரும்ப வாசித்தேன். ‘இங்கே ரயில்கூட முடிந்துவிடுகிறது.’ போன் மொழிபெயர்த்ததில் வந்த பிழை என்று அதுவரை விட்டுவிட்டேன். மெரிலேண்ட்ஸில் ரயில் முடிவதில்லை, தாண்டிப் போகிறது. அப்போதுதான் மெல்பேர்னில் அக்காவிடம் போயிருந்த ஒரு நாள் நினைவுக்கு வந்தது. கிளென் வேவர்லி ஸ்ரேசனுக்குப் பக்கத்தில் காரை நிற்பாட்டினேன். ரயில் லைன் அதோடு முடிகிறது. மனைவி இறங்க மாட்டேன் என்றாள். மாணவியாக வந்த புதிதில் அங்கேதான் அவளுடைய மாமி ஒருத்தியின் வீட்டில் இருந்தவளாம். “அந்த வீட்டைப் பற்றிக் கேட்காதே,” என்றாள். நான் கேட்கவில்லை.

எழுதியிருந்தது என்னைப் பற்றி அல்ல, அந்த வீட்டைப் பற்றி. அது விளங்கிய அந்த நிமிடமே மற்றதும் விளங்கியது. அவள் என்னை விட்டுப் போகவில்லை. அப்பாவிடம்தான் போயிருக்கிறாள். அந்தப் பஸ்ஸில்தான் இருந்திருக்கிறாள். ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு நான் அழுத அழுகையைக் கேட்டு, பெட்டி கொண்டுவந்த நேர்ஸ் கண்ணாடியைத் தட்டினா.

மறுபடி பிளாக்டவுன். வலைக்கதவுக்கு வெளியே நின்று சொன்னேன். ஆத்தே முதலில் நம்பவில்லை. பிறகு போனை எடுத்து, தன் மொழியில் அந்தப் பதிவை முழுக்க வாய்விட்டு வாசித்தார். பாதியில் குரல் இறங்கியது.

“எங்கள் மொழியில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல்தான்,” என்றார். “சியா. நாங்கள் எல்லாரும் உன்னை நினைத்துக்கொண்டுதான் வாசித்தோம்.”

“ஆத்தே, நான் நல்லவனா கெட்டவனா என்றதை விடுங்கோ. அவள் உங்களோடு பேசினாளா?”

“இல்லை.” வலைக்கதவைத் திறந்தார். “ஒளித்திருக்கிறாள் என்றுதான் நினைத்தோம். அதனால் ஒருத்தரும் தேடவில்லை.”

அதற்குப் பிறகு அவர்கள் தேடினார்கள். என்னைத் துரத்திய அதே வேகத்தில் தேடினார்கள் என்று சொல்ல வேண்டும். தெரிந்த பதிவர்களுக்கெல்லாம் அவளுடைய படம் போனது. அந்த மாகாணத்து நகரத்தில் கேக் செய்முறை மட்டுமே எழுதுகிற ஒரு பெண், தம்பியின் மோட்டார் சைக்கிளில் முகாம் முகாமாகப் போனாள். ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் என் மனைவியைக் கண்டுபிடித்தாள். அவளுக்கு ஒரு காயமும் இல்லை. அவளுடைய அப்பா அங்கேயே, பிள்ளைகள் இருக்கிற இரண்டு வாங்குகளைச் சேர்த்துப் போட்ட படுக்கையில், செத்துப்போயிருந்தார். அடக்கமும் முடிந்துவிட்டது.

போன் கிடைத்த இடத்தில் இருந்து அவள் எடுத்தபோது நான் அவளுடைய பெயரைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. “அப்பாவுக்கு உடுத்த ஒரு காய்ந்த சட்டை கிடைக்கவில்லை,” என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பதிவைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது. வெகுகாலமாக வைத்திருந்த குறையான எழுத்து. பஸ் குலுக்கலில் சேமிக்கப் போய் வெளியிட்டுவிட்டிருக்கிறாள். அது மாமியைப் பற்றியது என்று சொல்கிற தொடக்கத்தை அவள் இன்னும் எழுதியிருக்கவில்லை.

அவள் திரும்பி வந்த அன்று காருக்குள் எல்லாவற்றையும் சொன்னேன்.

“நீயும் நம்பினாயா?” என்றாள்.

“நம்ப ஆசைப்பட்டேன்.”

“நான் உன்னை விட்டுப் போயிருந்தால் உனக்குப் பரவாயில்லையா?”

“ஓம்,” என்றேன். அதைச் சரியாக விளங்கப்படுத்த என் ஆங்கிலம் போதவில்லை. அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள். அப்பாவுக்காகவா, எனக்காகவா, நான் சொன்ன அந்த ஒரு சொல்லுக்காகவா என்று நான் கேட்கவில்லை. மோட்டர்வேயில் மழை பிடித்துக்கொண்டது. வைப்பரைப் போட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்தேன்.