‘மேலாளர்’ என்று மட்டும் எழுதியவர்

முத்தையா அண்ணாச்சி இறந்த செய்தி மதுரையில் எங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் வந்தது. பேசியவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் வீட்டுக்கு எதிரே பால்கோவா கடை வைத்திருப்பவர்.

“காலையில கதவு தெறக்கல சார். போய்ப் பாத்தா நாற்காலியிலேயே போயிட்டாவ. சொல்லிவிட வேற யாரும் இருக்காவளா? சொவத்துல உங்க நம்பர்தான் எழுதியிருக்கு.”

பழக்கத்தில் பேனாவை எடுத்துவிட்டேன். பெயர், ஊர், முன்னாள் ராணுவ எழுத்தர் என்று எழுதினேன். உறவினர் என்று எழுத வேண்டிய இடத்தில் கை நின்றது.

ராஜபாளையம் பஸ்ஸில் அவரைப் பார்த்தவர்கள் இந்த ஊர்களில் நிறையப் பேர் உண்டு. தேய்த்த சட்டை, கத்தரித்த மீசை, ஜன்னலோர இருக்கை. யாரிடமும் பேச்சு கிடையாது. பேசாத அந்த மனிதர் ஊர் ஊராகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் ஒரு கம்பெனி, அதே தறியில் பச்சைக் குழந்தைகளுக்கான மெல்லிய துணியும் நெய்து, தபாலில் விற்றது. வீடுகளுக்கும் நர்சுகளுக்கும் ஆசிரியைகளுக்கும் போகும் விற்பனைக் கடிதங்களை எழுதுவது அவர் வேலை.

எண்பதுகளின் நடுவில், தீபாவளி மலருக்கு விளம்பரம் கேட்டு அந்தக் கம்பெனிக்குப் போனேன். சின்ன ஊர் நிருபருக்கு அந்த வேலையும் உண்டு. முதலாளி என்னை இவரிடம் அனுப்பினார்.

“உம்ம பேப்பர்ல போட்டா எம்புட்டுப் பேரு பாப்பாவ?”

“மாவட்டமே பார்க்கும் அண்ணாச்சி.”

“பாப்பான். பாத்துட்டு அதுலயே வடைய மடிப்பான். எனக்கு மாவட்டம் வேண்டாம்வே. ஒரே ஒரு ஆள் போதும்.”

விளம்பரம் கிடைக்கவில்லை. ஆனால் டீ வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவரைப் பார்ப்பேன். எழுதிக்கொண்டிருக்கும் கடிதத்தை வாசித்துக் காட்டுவார். அவருக்கு முன்பு அங்கே எழுதியவர் ‘எங்கள் நிறுவனம்’ என்று தொடங்குவாராம். “நம்ம பெருமைய அவ எதுக்குவே படிக்கணும்?” என்று அதை அடித்துவிட்டு, இவர் எழுதிய முதல் வரி இது: ‘பிறந்த பிள்ளைக்கு முதலில் போர்த்தும் துணி எப்படி இருக்க வேண்டும் என்று உங்களுக்குத்தான் தெரியும்.’ அடுத்த வரி: ‘கீழே ஒரு துண்டு ஒட்டியிருக்கிறேன். கன்னத்தில் வைத்துப் பாருங்கள்.’

அந்தத் துண்டை ஒட்டுவதில் ஒருநாள் தகராறு. முதலாளி வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கோபம் வந்தால் தமிழிலும் அது எட்டிப் பார்க்கும்.

“ஏமய்யா முத்தையா, குண்டூசி குத்தினா சீக்கிரம் முடியும். பசை தடவிக் காய வச்சு, இது என்ன கல்யாணப் பத்திரிகையா?”

“பச்சப்புள்ளத் துணியில ஊசியக் குத்தி அனுப்புனா, வாங்குதவ நம்மளப் பத்தி என்ன நெனைப்பா மொதலாளி?”

முதலாளி பசைக்கு ஒப்புக்கொண்டார்.

கடிதத்தின் அடியில் ஒரு பின்குறிப்பு கட்டாயம் இருக்கும். “மனுசன் தன் பேரப் பாப்பான், பொறவு நேரா பி.கு.வுக்குத்தான் போவான். சொல்ல வேண்டியத அங்க சொல்லிரணும்” என்பார். கையொப்பம் வைக்கும் இடத்தில் ‘மேலாளர்’ என்று மட்டும் இருக்கும். அவர் மேலாளர் இல்லை. “புரோமோஷன் நானே எனக்குக் குடுத்துக்கிட்டேன்” என்று சிரிப்பார். ஒன்றை மட்டும் எழுதவே மாட்டார்: ‘நலம், நலமறிய அவா.’ கேட்டால், “எழுதுனா பதில் வரும்வே. பதில் வந்தா பொறவு யாரு உக்காந்து கேக்கது?” என்றார்.

உறைகளில் முகவரி தட்டச்சு செய்ய ஒரு பெண் இருந்தார். ஆனால் ஒரே ஒரு உறையை ஒவ்வொரு முறையும் அண்ணாச்சியே அடிப்பதைக் கவனித்தேன். தருமபுரிப் பக்கம் ஒரு மருத்துவமனைக் குடியிருப்பு. யார் என்று கேட்டேன். உறையில் தபால்தலையை ஒட்டினார். ஒருநாள் பஸ் நிலையத்தில் நிற்கும்போது அவராகவே சொன்னார்.

அது அவர் ஒரே மகள் செல்வி. நர்சு வேலையில் சேர்ந்து, உடன் வேலை பார்த்த கிறிஸ்தவப் பையனை மணந்துகொண்டவர். அண்ணாச்சியின் மனைவி அதற்கு முன்பே காலமாகியிருந்தார்.

“எனக்கு மவளே இல்லன்னு இதே பஸ் ஸ்டாண்டுல வச்சுத்தான் சொன்னேன். மறுபேச்சு பேசல. சொன்னபடியே கேட்டுக்கிட்டா.”

கோபம் தணிந்து அவர் எழுதிய கடிதங்களெல்லாம், ‘வாங்க மறுத்துவிட்டார்’ என்ற தபால்காரர் குறிப்போடு திரும்பி வந்தன. பிறகுதான் இந்தக் கம்பெனியில் சேர்ந்தார். அது செல்விக்குத் தெரியாது. “என் கையெழுத்தக் கண்டா திருப்பிருதா. டைப் அடிச்ச கம்பெனி லெட்டர் திரும்பி வரலவே” என்றார். பஸ் வந்தது, ஏறிக்கொண்டார்.

சில ஆண்டுகள் கழித்து செல்வியிடமிருந்து ஓர் ஆர்டர் வந்தது. பிறந்த குழந்தைக்கான துணி, வி.பி.பி. தபாலில் அனுப்பவும், வந்ததும் பணம் கட்டுகிறோம் என்று இரண்டு வரி. தாத்தாவானதை அவர் அப்படித்தான் அறிந்தார். பார்சலை அவரே கட்டினார். துணியை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார்.

“உள்ளே ஒரு வரி எழுதி வையுங்க அண்ணாச்சி.”

“கஸ்டமர் துணிதான கேட்டிருக்கா? அப்பன கேக்கலயே.”

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கம்பெனி தபால் விற்பனையை நிறுத்தியது. பேண்டேஜ் வியாபாரம் மட்டும் போதும் என்று முதலாளி முடிவு செய்துவிட்டார். மகளுக்கு எழுத அவருக்கு இருந்த ஒரே வழி அதோடு அடைபட்டது. வாடிக்கையாளர்களுக்கு நன்றி சொல்லிக் கடைசியாக ஒரு கடிதம் போக வேண்டும் என்று மன்றாடி அனுமதி வாங்கினார். அதை, அத்தனை ஆண்டுகள் தவிர்த்த வரியோடு தொடங்கினார்: ‘நலம். நலமறிய அவா.’

எங்கள் ஆட்களிடம் அப்படி எழுதிவிட்டால் சும்மா இருப்பார்களா? பதில்கள் வந்து குவிந்தன. மூட்டுவலி, மாமியார் சண்டை, மகனுக்கு வேலை கிடைத்தது, மாடு செத்தது. “ஏமய்யா, இது கம்பெனியா, ஜோசியக் கடையா?” என்று முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். அந்தக் குவியலில் செல்வியின் கார்டும் இருந்தது. ‘மேலாளர் ஐயா அவர்களுக்கு, நாங்கள் நலம். பிள்ளைகள் நலம். துணி இல்லாவிட்டாலும் கடிதம் போடலாம்.’

“நீரு நிருபர்லா. சொல்லும். யாருன்னு தெரிஞ்சு எழுதுதாளா, தெரியாம எழுதுதாளா?”

“தெரியவில்லை அண்ணாச்சி. உங்கள் பேரைப் போட்டு ஒன்று எழுதிப் பாருங்களேன்.”

“அதுவும் திரும்பி வந்துட்டா?”

அவர் மேலாளராகவே எழுதினார். செல்வி மேலாளருக்கே பதில் போட்டார். ஓய்வு பெற்ற பிறகும் அவர் ஏன் ராஜபாளையம் பஸ்ஸில் போய் வருகிறார் என்று கேட்டவர்கள் உண்டு. செல்வியின் கடிதம் கம்பெனி முகவரிக்குத்தான் வரும். தபால் வந்துவிட்டதா என்று வாட்ச்மேனிடம் கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்புவார்.

அந்தத் தருமபுரி முகவரி எனக்கு மனப்பாடம். தந்தி கொடுத்தேன். செல்வி மறுநாள் கணவரோடும் இரண்டு பையன்களோடும் வந்தார். தகப்பன் முகத்தைப் பார்த்து நின்றாரே தவிர அழவில்லை. எல்லாம் முடிந்து வந்தவர்கள் கலைந்த பிறகு என்னிடம் வந்தார்.

“சார், ராஜபாளையத்துல ஒரு பேண்டேஜ் கம்பெனி இருக்காம்லா? அங்க ஒரு மேனேஜர் ஐயா எங்களுக்கு லெட்டர் போடுவாவ. பேரு தெரியாது. இவ்வளவு தூரம் வந்துட்டோம். போனா அவியளப் பாக்க முடியுமா? பிள்ளைகளக் காட்டணும்.”

“அங்கே போக வேண்டாம்மா. அவர் இங்கேதான் இருந்தார்.”

முதலில் அவருக்குப் புரியவில்லை. கடிதம் அடிக்க அவர் வீட்டு மேசைமேல் வைத்திருந்த தட்டச்சு இயந்திரத்தைக் காட்டினேன். அருகில் போனார். எழுத்துகளை ஒரு விரலால் தொட்டுக்கொண்டே நின்றார். பிறகு பெரிய பையனைக் கூப்பிட்டார்.

“தாத்தாவுக்கு ஒங்க பேரு ரெண்டும் தெரியும்டா. நான்தான் எழுதியிருந்தேன்.”

இதை எழுதச் செல்வி சம்மதித்தார். அண்ணாச்சியிடமிருந்து என்னிடம் மிஞ்சியது ஒரு பழக்கம்தான். வங்கியிலிருந்தும் ஜவுளிக்கடையிலிருந்தும் வரும் அச்சடித்த கடிதங்களை முன்பெல்லாம் பிரிக்காமல் போட்டுவிடுவேன். இப்போது கடைசி வரிவரை படிக்கிறேன். அது யாரோ ஒருவருக்காக எழுதப்பட்டிருக்கலாம். அந்த ஒருவர் நானாக இல்லாவிட்டாலும் யாராவது படிக்க வேண்டும்.