லிஃப்டில் படைத்த திராட்சை

கந்த சஷ்டியின் கடைசி நாள். மாலைப் பூசைக்குத் திராட்சை வாங்கிக்கொண்டு நானும் மனைவியும் வீடு திரும்பினோம். பினாங்கில் எங்கள் அடுக்குமாடியின் லிஃப்ட் பாதி வழியில் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. விளக்கு எரிந்தது, விசிறி நின்றுபோனது. கைப்பேசியில் லைன் இல்லை. கதவைத் தட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் மேல்மாடி அக்காவுக்குக் கேட்டது.

"அண்ணே, உள்ளயா இருக்கீங்க? ரிப்பேர் ஆளு பட்டர்வொர்த்துலேர்ந்து வர்றானாம். பாலத்துல ஜாம்லா."

"சீக்கிரம் வரச் சொல்லுங்கக்கா."

திரும்பிப் பார்த்தால் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். நெற்றி வியர்த்து விபூதி கரைந்திருந்தது. விரல்கள் நடுங்கின. அவள் இனிப்பு நீர்க்காரி, சர்க்கரை வியாதி.

"காலையில மாத்திரை போட்டியா?"

"போட்டேன். தினமும் போடுறதுதானே."

விரதம் என்று சோறு மட்டும் நின்றது; மாத்திரை நிற்கவில்லை. சர்க்கரை இறங்கி இப்படி நடுங்கினால் உடனே இனிப்பு கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மயங்கிவிடுவாள் என்று கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி சொல்லியிருந்தார். லிஃப்டுக்குள் இனிப்பு என்றால் அந்தத் திராட்சை ஒன்றுதான். பெட்டியைத் திறந்தேன்.

"வேணாங்க. சாமிக்குப் படைக்கல."

"முருகன் கோவிச்சுக்க மாட்டாரு. வாயைத் திற."

"ஆறு நாளு விரதம் இருந்தது வீணாப் போகும்." வாயை இறுக மூடிக்கொண்டாள்.

கதவிடுக்கில் வாயை வைத்து மறுபடியும் கத்தினேன். தீயணைப்புப் பொம்பாவைக் கூப்பிட ஆள் போயிருக்கிறது என்றார் அக்கா. மூச்சு முட்டியது. நான்கு பக்கமும் இரும்பு. இவளோ கண்ணை மூடுகிறாள்.

தூங்கவிடக் கூடாது என்று பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தேன். பழ மொத்தக் கடைக்கு லாரி ஓட்டுகிறவன் நான்; எனக்குத் தெரிந்தது பழம்தான்.

"இது எந்த ஊருப் பழம் தெரியுமா?"

"கடைப் பழம்."

"பெட்டியில சீனான்னு போட்டிருக்கு. உலகத்துலேயே ரொம்ப விளையுறது அங்கதானாம். இத்தாலி, பிரான்சுல விளையுறதெல்லாம் முக்கால்வாசி வைனாப் போகுது."

"சாராயத்துக்கா? அதைப் போய் சாமிக்கா வாங்கினீங்க?"

"இது சாப்பிடுற பழம்டி. வருசம் பொறந்தா தென்னாப்பிரிக்கா, அப்புறம் ஆஸ்திரேலியா. நடுவுல நம்ம இந்தியாவுலேர்ந்தும் வரும். அந்தக் கொடிக்குக் குளிரோ, நல்ல காய்ச்சலான வெயிலோ வேணும். பினாங்குல எப்பப் பாரு மழை. அதான் எல்லாம் கப்பல்ல வருது."

"மொதல்ல எங்க வந்துச்சு?" குரல் குழறியது.

"கருங்கடல் பக்கம் ஏதோ மலையாம். ரேடியோவுல சொன்னான். பல ஆயிரம் வருசம்."

"மலையா?"

"மலைதான். மலையில யாரு இருப்பா, சொல்லு."

தலை என் தோளில் சாய்ந்தது. அப்போதுதான் எனக்குத் தோன்றியது. படைக்காத பழத்தைத்தானே வேண்டாம் என்கிறாள். பிரசாதத்தை வேண்டாம் என்று தள்ள அவளால் முடியாது. கோயிலில் கீழே சிந்தின ஒரு பருக்கையைக்கூடக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போடுகிறவள்.

ஒரு கொத்தைச் சட்டையில் துடைத்தேன். அவள் கண்ணைத் திறந்தாள்.

"கழுவல."

"துடைச்சாச்சு."

"கிழக்கு எந்தப் பக்கம்?"

எனக்கும் தெரியவில்லை. ஏறும்போது கதவு கடலைப் பார்த்து இருந்தது. கதவைக் கிழக்கு என்று வைத்துக்கொண்டேன். குத்துவிளக்கு இல்லை, சூடம் இல்லை, சுற்றிவிடத் தண்ணீர் இல்லை. கொத்தை இரண்டு கையிலும் ஏந்தி, "முருகா, இவ்வளவுதான் இருக்கு, ஏத்துக்கோ. இவளை விட்டுடு" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவளும் சாய்ந்தவாக்கில் கையைக் கூப்பினாள்.

"இந்தா, பிரசாதம்."

உள்ளங்கையை நீட்டினாள். அதில் ஒன்றை வைத்தேன். கண்ணில் ஒற்றி வாயில் போட்டாள். இன்னொன்று. இன்னொன்று. மென்று விழுங்க முடியாமல் சாறு உதட்டில் வழிந்தது, துடைத்துவிட்டேன். காம்பு மட்டும் மிஞ்சிய பிறகு அடுத்த கொத்தை எடுத்தேன்.

எவ்வளவு நேரமோ தெரியாது. வெளியே மனிதக் குரல்கள் கூடின, கதவு மட்டும் அசையவில்லை. அவள் விரல் நடுக்கம் குறைந்தது. நிமிர்ந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். வாயிலிருந்த கொட்டையைக் கையில் துப்பி, எங்கே போடுவது என்று சுற்றிப் பார்த்தாள்.

"புளிக்குதுங்க," என்றாள். "ருசி பார்க்காம வாங்கினா இப்படித்தான். சாமிக்கு இதையா கொடுப்பாங்க?"

கொட்டையைப் போட என் கையை நீட்டினேன்.