பெத்லகேமில் ஒரு நண்டு

இன்று திருமலைராயன்பட்டினம் பஸ்ஸில் பக்கத்து சீட் அம்மா கேட்டார்: "குடில்ல நண்டு வச்ச பொண்ணு நீங்கதானே?"

எழுபதுகளின் கடைசி. எனக்கு எட்டு வயது. காரைக்காலில் எங்கள் கோயிலின் கிறிஸ்துமஸ் குடிலில், நான் களிமண்ணில் செய்த நண்டை இடையர் பொம்மைகளுக்கு நடுவே வைத்தேன்.

மறைக்கல்வி டீச்சர் அதட்டினார். "பெத்லகேம்ல ஏது நண்டு? எடுத்து வெளியில போடு."

அழுதேன். அப்பா வந்து சொன்னார்: "நண்டும் ஆண்டவர் படைச்சதுதானே டீச்சர்? இவளுக்கு இந்தக் கற்பனையும் அவர் குடுத்ததுதான். இருக்கட்டுங்க."

நண்டு இருந்தது. நானும் இன்றுவரை மண்பொம்மை செய்வதை நிறுத்தவில்லை.

"அந்த வருஷம் நண்டைப் பாக்கத்தாங்க திரும்பத் திரும்பக் கோயிலுக்கு வந்தேன்" என்றார் அந்த அம்மா.

ஆண்டவருக்கும் அப்பாவுக்கும் நன்றி.

இந்த வருடம் குடிலில் என்ன வைக்கலாம், சொல்லுங்கள். ஒட்டகம் மட்டும் வேண்டாம். என் கையில் அது ஆடாகிவிடுகிறது.