டெலோசாவுக்குக் குறைந்த ஒரு கையெழுத்து

ஹோபர்ட் க்ரைடரின் வேலை போனதால்தான் எனக்கு வேலை கிடைத்தது. 1971இல் டெலோசா தபால் நிலையத்தை மூடினார்கள். அது தனிக் கட்டடமெல்லாம் இல்லை. அவருடைய மளிகைக் கடையின் ஒரு மூலையில், கம்பி வலைக்குப் பின்னால் முப்பத்தாறு சின்ன அறைகள் கொண்ட ஒரு மர அலமாரி, அவ்வளவுதான். அதை மூடிவிட்டு, கார்விக் நகரத்திலிருந்து வண்டியில் தபாலைக் கொண்டுபோய் வீட்டு வாசல் பெட்டிகளில் போட ஓர் ஆளை நியமித்தார்கள். அந்த ஆள் நான். எனக்கு இருபத்துநாலு வயது. முதல் நாள் அவர் முகத்தில் விழிக்கவே பயந்துகொண்டு போனேன். அவர் காபி ஊற்றிக் கொடுத்தார். எந்த வீட்டு நாய் கடிக்கும், எது குரைப்பதோடு சரி என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு, "மழை பெய்ஞ்சா அக்கரைக்குப் போகாத கார்லீன். தபால் ஒரு நாள் லேட்டாப் போனா யாரும் செத்துட மாட்டாங்க," என்றார்.

மிசௌரியின் தென்கோடி மலைகளில் இரண்டு தொடர்களுக்கு நடுவே கிடக்கிறது டெலோசா. வான்கோழி ஓடை வடக்கிலிருந்து இறங்கி வந்து, பாறையில் முட்டி, மடக்கிய முழங்கை மாதிரி திரும்பும். அந்த மடிப்புக்குள்தான் ஜனங்கள் இருந்தார்கள். இக்கரையில் கடை, பாப்டிஸ்ட் கோயில், பள்ளிக்கூடம், தீவன ஆலை, பதினாலு வீடுகள். அக்கரையில் ஒன்பது வீடுகளும் நல்ல வண்டல் நிலமும். நடுவில் பாலம் கிடையாது. ஓடைப் படுகையில் ஒரு கான்கிரீட் தளம் போட்டிருந்தார்கள், அதன் மேலேயே தண்ணீர் ஓடும். கோடையில் கணுக்கால் நனைகிற அளவு. வடக்கே இரண்டு மணி நேரம் கொட்டினால் தளம் இருந்த இடமே தெரியாது. அப்போது அக்கரைக்குப் போக வேண்டுமென்றால் முப்பத்தொரு மைல் சுற்ற வேண்டும்.

பெயர் வந்த கதையும் ஒன்று உண்டு. முதலில் குடியேறிய டென்னஸிக்காரர்கள் தபால் நிலையம் கேட்டு மனுப் போட்டபோது, ஒருவருடைய மகள் பெயரை ஊருக்கு வைத்தார்கள், டெலோரா என்று. வாஷிங்டனில் யாரோ ஓர் எழுத்தை மாற்றிப் படித்து டெலோசா என்று முத்திரை செய்து அனுப்பிவிட்டார்கள். திருத்தச் சொல்லி ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். யாரும் எழுதவில்லை. அப்படியே இருந்துவிட்டது. மற்ற விஷயங்களும் அப்படித்தான் இருந்தன. மேயர் இல்லை, மன்றம் இல்லை, எல்லை இல்லை. நூறு பேருக்கு மேல் வாழ்ந்தார்கள், ஆனால் சட்டத்தின் கண்ணில் அது ஊரே இல்லை. 1958 வரை அதனால் யாருக்கும் ஒரு குறையும் வரவில்லை.

அந்த வருஷம் புது நெடுஞ்சாலை போடப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. கார்விக்கில் ஒரு கூட்டம் நடந்தது. சுற்றிலுமுள்ள ஊர்களின் மேயர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து, சாலை எங்கள் பக்கமாக வரட்டும் என்று கேட்டார்கள். டெலோசாவிலிருந்து போனவர் ஐரா டக்கெட், தீவன ஆலைக்காரர். ஹோபர்ட்டின் தங்கை நியோமாவைக் கட்டியவர். அவர் எழுந்து நின்றதும் மேடையிலிருந்த பொறியாளர், நீங்கள் எந்த ஊரின் பிரதிநிதி என்று மரியாதையாகவே கேட்டாராம். சொன்னதும், அப்படி ஓர் ஊர் பட்டியலில் இல்லையே, பொதுமக்கள் நேரத்தில் பேசுங்கள் என்றாராம். பொதுமக்கள் நேரம் வருவதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது.

ஐரா திரும்பி வந்து, டெலோசாவைச் சட்டப்படி கிராமமாகப் பதிவு செய்யலாம் என்று கிளம்பினார். கிராமம் ஆகிவிட்டால் சாலைக்கு வாதாடலாம், ஓடைக்கு முறையான பாலம் கேட்கலாம். வரி கட்டுகிற எழுபது பேரில் முப்பத்தாறு பேர் கையெழுத்துப் போட்டால் போதும். காகிதத்தை ஹோபர்ட்டின் கடையில்தான் வைத்தார், எல்லாரும் வந்துபோகிற இடம் அதுதானே. மூன்று வாரத்தில் முப்பத்தைந்து கையெழுத்து சேர்ந்தது. ஹோபர்ட் போடவில்லை. அவர் போடட்டும், பார்த்துக்கொண்டு போடலாம் என்று இன்னும் மூன்று நான்கு பேர் காத்திருந்தார்கள். மனுவை எடுத்துக்கொள்ள வேண்டிய கவுன்டி சபை, அதாவது மாவட்ட நிர்வாக சபை, கூடுவதற்கு முந்தைய நாள் மதியம் ஐரா கடைக்கு வந்து கேட்டார். ஹோபர்ட் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமல், "வச்சிட்டுப் போ மச்சான், பாக்கறேன்," என்றாராம். மறுநாள் காலை ஐரா வந்து எடுத்துப் பார்த்தபோது அதே முப்பத்தைந்துதான். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். அன்று சாயங்காலம் வழக்கம்போல இருவரும் டொமினோ ஆடினார்கள்.

கேட்டவர்களிடம் ஹோபர்ட் சொன்ன காரணம் வரி. கிராமம் என்றால் தனி வரி வரும், தலைவர் என்று ஒருத்தன் வருவான், முற்றத்தில் கோழி வளர்க்கக் கூடாது என்பான் என்றார். நிறைய பேர் தலையாட்டினார்கள்.

சாலை இரண்டரை மைல் கிழக்கே, கார்விக் வழியாகப் போனது. அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் மெதுவாக நடந்தது. லாரிகள் வரவில்லை, 1963இல் ஐராவின் ஆலை நின்றது. அவர் செயின்ட் லூயிஸுக்கு, ஒரு கார் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். நியோமா அக்கரையில் பண்ணையிலேயே இருந்தாள், அவர் மாதம் இரண்டு முறை வந்துபோனார். பள்ளிக்கூடத்தை மூடிப் பிள்ளைகளைப் பேருந்தில் கார்விக்குக் கொண்டுபோனார்கள். பிறகு தபால் நிலையம். இதெல்லாம் நான் பிறர் சொல்லக் கேட்டது. 1974இல் நடந்ததை மட்டும் நானே கூட இருந்து பார்த்தேன்.

ஏப்ரல் மாதம். முந்தைய நாளிலிருந்து மழை. தளம் மூழ்கிவிட்டதால் அக்கரைத் தபாலை வைத்துக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தேன். ஹோபர்ட்டின் மனைவி லீட்டா அவரைக்காயும் சோள ரொட்டியும் எனக்கு எடுத்து வைத்தாள். காலை பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. அக்கரையிலிருந்து டெஸ்ஸி என்கிற விதவை. நியோமாவுக்கு நேற்றிலிருந்தே வயிற்று வலியாம், யாரிடமும் சொல்லவில்லையாம், இப்போது தரையில் சுருண்டு கிடக்கிறாளாம். ஹோபர்ட் கார்விக்கிலிருந்து ஆம்புலன்ஸை வரவழைத்தார். அது கால் மணி நேரத்தில் வந்து, தண்ணீர் விளிம்பில் நின்றது. தலையில் விளக்கு சுற்றிக்கொண்டே இருந்தது. சுற்றுவழியிலும் ஓர் ஓடை சாலையை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று ஓட்டுநர் சொன்னார்.

அக்கரையில் நியோமாவின் வீடு நன்றாகத் தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம், தண்ணீர்ச் சத்தம் மட்டும் இல்லாதிருந்தால். ஹோபர்ட் மீன்பிடிக்கிற தட்டைப் படகை இறக்கினார். அறுபது வயது மனிதர். நாங்கள் மூன்று பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டோம். பாதி தூரம் போவதற்குள் படகு கவிழ்ந்தது. அவர் ஒரு மரக்கிளையைப் பிடித்துத் தொங்கினார், இழுத்துக் கரை சேர்த்தோம். மறுபடி போவேன் என்றார். ஓட்டுநர் அவரை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் கடைக்குள் வந்து தொலைபேசியை எடுத்து, டெஸ்ஸியிடம் நியோமாவின் காதில் வைக்கச் சொன்னார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. அவருக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தேன். நீண்ட நேரம் பேசினார்.

தண்ணீர் மறுநாள் மதியம்தான் வடிந்தது. குடல்வால் அதற்குள் வெடித்துவிட்டிருந்தது. ஒன்பது நாள் மருத்துவமனையில் கிடந்து நியோமா இறந்தாள்.

அடக்கம் முடிந்து எல்லாரும் கோயில் கூடத்தில் சாப்பிட்டுப் போன பிறகு, நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே, படியில் ஐராவும் ஹோபர்ட்டும் உட்கார்ந்திருந்தார்கள். ஒட்டுக்கேட்க வேண்டும் என்று நிற்கவில்லை. ஆனால் நகரவும் இல்லை.

"அந்தக் காகிதத்துல நான் கையெழுத்துப் போட்டிருந்தா இங்க பாலம் வந்திருக்கும்," என்றார் ஹோபர்ட்.

"வந்திருக்கலாம். வராமலும் போயிருக்கலாம். பதினாறு வருஷம் கழிச்சு அத ஏன் இப்ப எடுக்கற?"

"வரிக்குப் பயந்து போடலைன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். அது பொய் ஐரா. அந்த அக்ரூட் மரத்துக்காகத்தான் போடல."

"எந்த மரம்?"

"எங்கப்பா நிலத்துக்கும் உன் நிலத்துக்கும் எல்லையில நின்னது. நான் பட்டாளத்துல இருந்தப்ப நீ வெட்டி வித்தியே, அது. எங்கப்பா செத்த சேதியே எனக்கு ஆறு வாரம் கழிச்சுத்தான் வந்துச்சு. திரும்பி வந்து பாத்தா அடிமரம்தான் நிக்குது. நீ தலைவராகி உக்காரத்தான் என் கையெழுத்தைக் கேக்கறேன்னு நெனச்சேன்."

நான் குழாயை நிறுத்தினேன்.

"மாமாதான் வெட்டச் சொன்னாரு," என்றார் ஐரா. "அந்தப் பலகையிலதான் தனக்குப் பெட்டி செய்யணும்னு ஒரு மாசமா படுக்கையில கெடந்து சொல்லிட்டே இருந்தாரு. நானும் நியோமாவும் ரெண்டு பக்கம் நின்னு ரம்பம் இழுத்தோம். உங்கப்பா அதுக்குள்ளதான் படுத்திருக்காரு மச்சான். மீதி மரத்த வித்தேன். அதையும் சொல்லிடறேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கவே இல்லையே. நியோமா லெட்டர்ல எழுதியிருப்பான்னு நான் இருந்தேன். நான் நேர்ல சொல்லியிருப்பேன்னு அவ இருந்திருப்பா."

அவர்கள் கட்டிப்பிடித்து அழவெல்லாம் இல்லை. ஹோபர்ட் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். ஐரா எழுந்து, மாடுகளை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டார். அந்தக் கோடையிலேயே பண்ணையை விற்றுவிட்டு செயின்ட் லூயிஸுக்கே போய்விட்டார். கிறிஸ்துமஸுக்கு ஓர் அட்டை வரும், நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

அடுத்த மாதத்திலிருந்து ஹோபர்ட் ஒவ்வொரு முதல் திங்கட்கிழமையும் கார்விக் போனார். கவுன்டி சபை கூடுகிற நாள் அது. கழுத்துப் பட்டை கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். பொதுமக்கள் நேரம் வந்ததும் எழுந்து, டெலோசாவில் பாலம் வேண்டும் என்பார். முதல் வருஷம் எழுத்தர் பெண், எந்த ஊர் சார்பாக என்று ஒவ்வொரு முறையும் கேட்டாள். "ஊர் சார்பா இல்லம்மா. அங்க இருக்கறவங்க சார்பா," என்பார். பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டு, அவர் பெயரை முன்கூட்டியே எழுதி வைக்கத் தொடங்கினாள். உறுப்பினர்கள் இரண்டு முறை மாறினார்கள். ஒருவர் அவரைக் கண்டாலே கைக்கடிகாரத்தைப் பார்ப்பாராம். இதை அவரே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார். ஒன்பது வருஷத்தில் அவர் போகாமல் விட்டது இரண்டே திங்கள், இரண்டும் நிமோனியா வந்தபோது.

1983 இலையுதிர்காலத்தில் பாலம் கட்டி முடித்தார்கள். அப்போது அக்கரையில் டெஸ்ஸி வீடும், வாடகைக்கு வந்த ஒரு குடும்பமும்தான். திறப்பன்று நாடாவை வெட்டச் சொல்லி ஹோபர்ட்டைக் கூப்பிட்டார்கள். அவர் கூட்டத்துக்குப் பின்னாலேயே நின்றார், வரவில்லை. டெஸ்ஸி வெட்டினாள். எல்லாரும் கலைந்த பிறகு தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டி, தங்கை இருந்த வீட்டு முற்றம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். மறுநாள் தபால் வாங்கும்போது, "நாலு நிமிஷம், கார்லீன்," என்றார். காபி நன்றாக இருக்கிறது என்றேன்.

அவர் 1991இல் இறந்தார். அதற்கு ஒரு வருஷம் முன்பே கடையை மூடியாயிற்று. லீட்டா கடைக்குப் பின்புறமிருந்த வீட்டில் தனியாக இருந்தாள். மறு வருஷக் குளிர்காலத்தில், பெட்டியில் போடாமல் நானே தபாலை உள்ளே எடுத்துப்போய்க் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. ஒரு நாள் நான் ஹோபர்ட்டைப் பற்றி ஏதோ நல்லதாகச் சொன்னேன், அவ்வளவு நடந்து பாலம் வாங்கினாரே என்று. லீட்டா உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு அந்தக் காகிதத்த வச்சிட்டு ஐரா போனப்பறம் நான்தான் பேனாவை எடுத்தேன்," என்றாள். "வரிச்சீட்டுல என் பேரும் இருந்துச்சு கார்லீன், எங்க வீட்டு நிலம் கொஞ்சம் என் பேர்ல. நான் போட்டாலும் முப்பத்தாறுதான். குனிஞ்சுட்டேன். அவர் நிமுந்து பாத்து, 'வீட்டுக்கு ஒரு கையெழுத்து போதும் லீட்டா, அது என்னோடதா இருக்கட்டும்'னாரு. கோவமாக் கூட சொல்லல."

"அவர் சொன்னா நீங்க என்ன பண்ண முடியும்?"

"பேனாவ அவர் பிடுங்கல. நானாத்தான் கீழ வச்சேன். வச்சுட்டு மாவு மூட்டைய அடுக்கப் போயிட்டேன்." கத்தியை மேசையில் வைத்தாள். "முப்பத்துமூணு வருஷமா, தான் ஒருத்தன்தான் தப்புப் பண்ணிட்டேன்னு நெனச்சிட்டே இருந்தாரு. நியோமா போனப்பறம் எத்தனையோ நாள் சாப்பிடாம எந்திரிச்சிருக்காரு. என்னாலயும்தான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாதி பாரம் குறைஞ்சிருக்கும். சொல்லணும் சொல்லணும்னே இருந்தேன்."

அவள் என்னிடமிருந்து எதையும் எதிர்பார்க்கவில்லை போலிருந்தது. மறுபடி கிழங்கை எடுத்துக்கொண்டாள். தபாலில் மின்சாரக் கட்டணமும் விதைக் கடைப் பட்டியலும்தான் இருந்தன. அவற்றை அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு வண்டிக்கு வந்தேன். அன்றைக்கு இன்னும் மூன்று வீடு பாக்கி இருந்தது.